சந்தேகம் போதும், தேதி வேண்டும்: மருந்து, தடுப்பூசிப் பக்கவிளைவுகளைத் தெரிவிப்பது எப்படி

புதிதாக ஒரு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த இரண்டாம் வாரம் உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது. தடுப்பூசி போட்ட சில நாட்களில் குழந்தைக்கு வலிப்பு வருகிறது. இதை மருந்துக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்கலாம் என்று தெரிந்தவர்களும் ஒரே இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள்: "இது மருந்தால்தான் வந்தது என்று நான் எப்படிச் சொல்வது?" நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கட்டும் என்று காத்திருந்து, கடைசியில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

விடை சொல்லும் பொறுப்பு தெரிவிப்பவருடையது அல்ல. இந்த ஏற்பாடு முழுவதும் சந்தேகத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. மருந்துக்கும் நடந்ததற்கும் தொடர்பு இருக்கலாம் என்று தோன்றினாலே எழுதலாம். நிரூபணம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை மற்றவர்கள் எடைபோட்டுப் பார்க்க வேண்டுமானால் என்ன மருந்து, என்ன அளவு, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் தொல்லை வந்தது என்ற விவரம் வேண்டும். நடைமுறையில் அறிக்கைகள் வீணாவது சந்தேகம் தவறாக இருப்பதால் அல்ல, இந்த விவரங்கள் இல்லாததால்தான்.

சோதனைகளில் ஏன் தெரியாமல் போகிறது

சந்தைக்கு வருமுன் ஒரு மருந்தைப் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம்தான் சோதித்திருப்பார்கள். 3000 பேரிடம் கொடுத்துப் பார்த்து, ஒரு குறிப்பிட்ட பாதிப்பு ஒருவருக்குக்கூட வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது இவ்வளவுதான்: அந்தப் பாதிப்பு 1000 பேரில் ஒருவருக்கு மேல் வராது. 5000 பேரில் ஒருவருக்கு வருவதாக இருந்தால் அந்தச் சோதனை அதைக் காட்டியிருக்க வாய்ப்பு குறைவு. அதே மருந்தை 50 லட்சம் பேர் சாப்பிட ஆரம்பிக்கும்போது, 5000 பேரில் ஒருவர் என்பது 1000 பேராகிவிடுகிறது.

எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. சோதனைகளில் பெரும்பாலும் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. வயது மிக முதிர்ந்தவர்களும், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்களும், ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் குறைவாகவே இருப்பார்கள். மருந்து கடைக்கு வந்ததும் முதலில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் இவர்களாகவே இருக்கக்கூடும்.

இதற்குத் துல்லியமான எடுத்துக்காட்டு 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ரோட்டாவைரஸ் தடுப்பூசி. அனுமதிக்கு முந்தைய சோதனைகளில் தடுப்பூசி பெற்ற சுமார் 10,000 குழந்தைகளில் 5 பேருக்குக் குடல் செருகல் ஏற்பட்டிருந்தது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்தான நிலை இது. தடுப்பூசி பெறாத 4600 சொச்சம் குழந்தைகளில் ஒருவருக்கு வந்திருந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றே கணக்கு சொன்னது. பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, அங்குள்ள தன்னார்வ அறிக்கை அமைப்பான வேயர்ஸுக்குக் குடல் செருகல் பற்றி 15 அறிக்கைகள் வந்தன. அந்தப் பதினைந்தே போதுமானதாக இருந்தது. 1999 ஜூலையில் தடுப்பூசியை நிறுத்திவைத்தார்கள், அக்டோபரில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிந்தைய ஆய்வுகள் ஆபத்தைச் சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவர் என்று மதிப்பிட்டன. அடுத்து வந்த ரோட்டாவைரஸ் தடுப்பூசிகள் ஒவ்வொன்றையும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே அனுமதித்தார்கள். அந்த 15 அறிக்கைகளை எழுதியவர்களில் யாரும் தொடர்பை நிரூபித்துவிட்டு எழுதவில்லை.

இந்த ஏற்பாடே ஒரு பேரழிவுக்குப் பிறகு உருவானது. தாலிடமைடு என்ற தூக்க மாத்திரையைக் கர்ப்பகாலக் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தன. ஜெர்மனியில் விடுகுண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடு ஆகிய மருத்துவர்கள் 1961இல் தனித்தனியே சந்தேகத்தை எழுப்பினார்கள். மெக்பிரைடு எழுதியது ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பிய சிறு கடிதம். இதே போன்ற குறைபாடுகளை வேறு யாராவது கண்டிருக்கிறீர்களா என்று கேட்டு அதை முடித்திருந்தார். அப்படிக் கேட்பதற்கும் பதில்களைத் திரட்டுவதற்கும் நிரந்தரமான ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அடுத்து வந்த ஏற்பாடுகளின் அடிப்படை. பிரிட்டன் 1964இல் மஞ்சள் அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. 1968இல் உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளோடு பன்னாட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. 1978 முதல் ஸ்வீடனின் உப்சாலா நகரிலுள்ள மையம் அதை நடத்துகிறது. நாடுகளின் தேசிய மையங்கள் அனுப்பும் அறிக்கைகள் அங்குள்ள விஜிபேஸ் என்ற தரவுத்தளத்தில் சேர்கின்றன. 3 கோடிக்கும் மேற்பட்ட அறிக்கைகள் அதில் இருக்கின்றன.

நான்கும் இருந்தால்தான் அறிக்கை

எந்த நாட்டுப் படிவமாக இருந்தாலும் நான்கு விஷயங்கள் இருந்தாக வேண்டும்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி, அடையாளம் காணக்கூடிய ஒரு தெரிவிப்பாளர், சந்தேகிக்கும் மருந்து, நடந்த பாதிப்பு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது செல்லத்தக்க அறிக்கையாகாது.

நோயாளியின் முழுப்பெயர் தேவையில்லை. பெயரின் முதலெழுத்துகள், வயது, பாலினம் போதும். எடையும் இருந்தால் நல்லது, குழந்தைகள் விஷயத்தில் கட்டாயம் எழுதுங்கள். இப்படி ஒரு தனி மனிதர் இருக்கிறார் என்பதும், ஒரே நிகழ்வு இரண்டு முறை வந்தால் கண்டுபிடிக்க முடியும் என்பதும்தான் இதன் நோக்கம். "எங்கள் பகுதியில் பலருக்கு இந்த ஊசியால் தலைசுற்றல்" என்று எழுதினால் அதில் ஒரு நோயாளிகூட இல்லை. மூன்று பேருக்கு வந்திருந்தால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும்.

தெரிவிப்பவர் தன் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுக்கத் தயங்குவது உண்டு. அதைக் கேட்பது திரும்பத் தொடர்புகொள்ளத்தான். ரத்தப் பரிசோதனை முடிவு என்ன, வேறு மருந்து ஏதும் சாப்பிட்டாரா என்று ஒரு கேள்வி கேட்க முடியாததால் நல்ல அறிக்கைகள்கூட "மதிப்பிட முடியாதவை" என்ற பெட்டியில் போய்விழுகின்றன. நோயாளி, தெரிவிப்பவர் ஆகியோரின் அடையாளத்தை ரகசியமாக வைத்திருப்பது இந்த அமைப்புகளின் பொதுவான விதி.

மருந்தின் பெயரில்தான் அதிகம் சறுக்குகிறது. "ஏதோ ஆன்டிபயாட்டிக்", "வெள்ளை நிற பி.பி. மாத்திரை" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்: வணிகப் பெயர், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர், எத்தனை மில்லிகிராம், பேட்ச் எண் (ஒன்றாகத் தயாரித்த தொகுதியின் எண்), காலாவதி தேதி. மாத்திரை அட்டையில் பேட்ச் எண்ணை ஓர் ஓரத்தில் மட்டும்தான் அச்சிட்டிருப்பார்கள். அந்த ஓரத்திலிருந்து மாத்திரையைக் கிழித்து எடுத்தால் முதலில் தொலைவது அந்த எண்தான். புதிய மருந்து தொடங்கும்போது அட்டையையோ பெட்டியையோ இரண்டு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது மிகச் சிறிய வேலை, பெரிய பலன்.

பேட்ச் எண் எதற்கு? மருந்தின் இயல்பே பிரச்சினையா, குறிப்பிட்ட ஒரு தயாரிப்பில் கோளாறா என்பதைப் பிரித்துப் பார்க்க அது ஒன்றுதான் வழி. 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் அமெரிக்காவில் ரத்த சுத்திகரிப்பின்போது ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பெற்ற நோயாளிகளுக்குத் திடீரென்று முகவீக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று ஒவ்வாமை போன்ற எதிர்வினைகள் வந்தன. ஹெப்பாரின் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து. அறிக்கைகளைத் தொடர்ந்து போனபோது, ஹெப்பாரினைப் போலவே தோற்றமளிக்கும் அதிசல்பேற்றம் செய்யப்பட்ட காண்ட்ராய்ட்டின் சல்பேட் என்ற பொருள் அதில் கலந்திருந்தது தெரிந்தது. வழக்கமான தரச்சோதனையில் அது பிடிபடாமல் தப்பியிருந்தது. இன்சுலின், எதிருடல் ஊசிகள், தடுப்பூசிகள் போன்ற உயிரியல் தயாரிப்புகளுக்கு வேதிப்பெயர் மட்டும் போதவே போதாது. வணிகப் பெயரும் பேட்ச் எண்ணும் கண்டிப்பாக வேண்டும்.

பாதிப்பை எழுதும்போது நோயின் பெயரைத் தேட வேண்டாம். பார்த்ததை, உணர்ந்ததை எழுதுங்கள். "அலர்ஜி" என்பதற்குள் அரிப்பும் அடங்கும், உயிர்போகும் மூச்சடைப்பும் அடங்கும். "உதடும் நாக்கும் வீங்கின, குரல் கம்மியது, எழுந்து நின்றதும் மயக்கம்" என்று எழுதினால் படிப்பவருக்கு அடுத்த விநாடியே விஷயம் புரிந்துவிடும். பராக்சிட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை நிறுத்தும்போது வரும் தொல்லையை நோயாளிகள் "தலைக்குள் மின்சாரம் பாய்வது போல" என்று தங்கள் சொல்லில் எழுதினார்கள். "தலைசுற்றல்" என்று சுருக்கியிருந்தால் அந்தத் தனித்தன்மை காணாமல் போயிருக்கும்.

காலக்கோடுதான் உயிர்

மதிப்பீட்டாளர் ஓர் அறிக்கையில் முதலில் தேடுவது தேதிகளை. மருந்து தொடங்கிய நாள், அளவு மாற்றிய நாள், முதல் அறிகுறி தோன்றிய நாள், மருந்தை நிறுத்திய நாள், தொல்லை குறைந்த நாள். நிறுத்தியதும் குறைந்ததா? பிறகு எப்போதாவது அதே மருந்தைச் சாப்பிட நேர்ந்து, அதே தொல்லை திரும்பியதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் மிக வலுவான சான்று. ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்காக வேண்டுமென்றே மறுபடி சாப்பிட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. இரண்டாம் முறை வரும் எதிர்வினை முதல் முறையைவிடக் கடுமையாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு படிவத்தில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "யூரிக் அமில மாத்திரை சாப்பிட்டதில் பயங்கர அலர்ஜி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்." அதே நிகழ்வை இன்னொருவர் இப்படி எழுதுகிறார்:

"பெண், 52 வயது, 61 கிலோ. சிறுநீரகச் செயல்பாடு குறைவு, கிரியாட்டினின் 1.8. அல்லோபியூரினால் 300 மி.கி. தினம் ஒன்று, மார்ச் 3 முதல். மார்ச் 19 காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். மார்ச் 20 பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டு முறை. மார்ச் 21 மார்பிலும் முதுகிலும் சிவந்த திட்டுகள், வாயில் புண். மார்ச் 22 அல்லோபியூரினால் நிறுத்தம், மருத்துவமனையில் அனுமதி. தோல் உரிதல் உடல்பரப்பில் சுமார் 5 சதவீதம். ஏப்ரல் 4 வீடு திரும்பினார், கண் எரிச்சல் நீடிக்கிறது. பத்து ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறார், இன்றும் தொடர்கிறார்."

இதில் தேதிகள் செய்யும் வேலையைக் கவனியுங்கள். பாராசிட்டமாலும் சந்தேகத்துக்கு உரியதுதான், ஆனால் காய்ச்சலும் தொண்டை வலியும் கண் எரிச்சலும் அதற்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டன. நோய் தொடங்கிய பிறகு வந்த மருந்து நோயைத் தொடங்கியிருக்க முடியாது. அம்லோடிபினை நிறுத்தாமலே உடம்பு தேறியிருக்கிறது. அல்லோபியூரினால் தொடங்கிப் பதினாறாம் நாள் முதல் அறிகுறி. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் போன்ற கடுமையான தோல் எதிர்வினைகள் பெரும்பாலும் மருந்து தொடங்கிய 4 முதல் 28 நாட்களுக்குள் வருபவை. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு இந்த மருந்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதும் தெரிந்ததே. முதல் அறிக்கையைப் படித்தவரால் இதில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

எல்லாப் பாதிப்புகளும் மருந்து சாப்பிட்ட கையோடு வந்துவிடுவதில்லை, இங்கேதான் பல சந்தேகங்கள் எழாமலே போகின்றன. தீவிர ஒவ்வாமை நிமிடங்களில் வரும். காய்ச்சல், தடிப்பு, கல்லீரல் பாதிப்பு மூன்றும் சேர்ந்து வரும் ஒரு வகை எதிர்வினை 2 முதல் 8 வாரம் எடுத்துக்கொள்ளும். அமாக்ஸிசிலின்-கிளாவுலானிக் அமிலம் ஏழு நாள் சாப்பிட்டு முடித்துச் சில வாரம் கழித்து மஞ்சள் காமாலை வரலாம். அதற்குள் மருந்தின் நினைவே போயிருக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனாலபிரில் வகை மருந்துகளால் வரும் முகவீக்கம், ஆண்டுக்கணக்கில் தொல்லையின்றிச் சாப்பிட்டவருக்கும் திடீரென்று வருவதுண்டு. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஹார்மோனைக் கர்ப்பகாலத்தில் தாய்மார்கள் சாப்பிட்டதன் விளைவு, பிறந்த பெண்கள் வளர்ந்த பிறகு அரிய வகைப் புற்றுநோயாக வெளிப்பட்டது. 1971இல்தான் தொடர்பு தெரியவந்தது. ஆகவே "கடந்த மூன்று மாதங்களில் சாப்பிட்டவை" என்று படிவம் கேட்டால், மறந்துபோன கண் சொட்டு மருந்து, கருத்தடை மாத்திரை, மூலிகைச் சூரணம், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் யோசித்து எழுதுங்கள். மூலிகை மருந்தைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைப்பது கல்லீரல் பாதிப்பு அறிக்கைகளில் பெரும் ஓட்டை.

தடுப்பூசியில் கூடுதலாகக் கேட்பவை

தடுப்பூசியை ஆரோக்கியமான குழந்தைக்குப் போடுகிறோம், ஒரே நாளில் பலருக்குப் போடுகிறோம். அதனால் இங்கே கேள்விகள் சற்று வேறு. எத்தனையாவது தவணை, எந்தக் கையில் அல்லது தொடையில், எத்தனை மணிக்கு, அதே நாளில் வேறு எந்தத் தடுப்பூசி, அதே குப்பியிலிருந்து இன்னும் யாருக்கெல்லாம் போடப்பட்டது, அவர்கள் எப்படி இருக்கிறார்கள். தூளாக வரும் தடுப்பூசி என்றால் கரைப்பானின் பேட்ச் எண், கரைத்த நேரம். தட்டம்மைத் தடுப்பூசியில் பதனப்பொருள் கிடையாது. கரைத்த 6 மணி நேரத்துக்குள் அல்லது முகாம் முடிந்ததும், எது முந்தையதோ அப்போதே எறிந்துவிட வேண்டும். அதைத் தாண்டிப் பயன்படுத்தினால் கிருமி வளர்ந்து, ஊசி போட்ட சில மணி நேரத்தில் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிர்ச்சி நிலை வரை போகலாம். கரைத்த நேரம் எழுதப்படாவிட்டால் இந்தக் காரணத்தை உறுதி செய்யவும் முடியாது, விலக்கவும் முடியாது.

தடுப்பூசிக்குப் பின் நடப்பவற்றை ஐந்தாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்: தடுப்பூசியின் இயல்பால் வருபவை, தயாரிப்புக் குறைபாட்டால் வருபவை, போடும் முறையின் தவறால் வருபவை, ஊசி பயத்தால் வருபவை, தற்செயலாக அதே நேரத்தில் வந்தவை. மூன்றாவதைத் தெரிவிக்கத்தான் பணியாளர்கள் மிகவும் தயங்குகிறார்கள், உடனடியாகத் தடுக்கக்கூடியதும் அதுதான்.

2018 ஜூலையில் சமோவா தீவு நாட்டில் தட்டம்மை-புட்டாளம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. கரைப்பானுக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தைக் கொண்டு தூளைக் கரைத்திருந்தார்கள். 2014இல் சிரியாவின் இட்லிப் பகுதியில் இதே வகைத் தவறால் 15 குழந்தைகள் இறந்திருந்தன. சமோவாவில் தடுப்பூசித் திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள், பெற்றோரின் நம்பிக்கை நொறுங்கியது, தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் சரிந்தது. 2019இல் தட்டம்மை பரவியபோது 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் சிறு குழந்தைகள். குப்பியில் இருந்த தடுப்பூசி குற்றமற்றது என்பதை விரைவாகக் கண்டறிந்து, மக்கள் நம்பும் விதத்தில் விளக்குவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடையாது. காலிக் குப்பி, கரைப்பான் குப்பி, சிரிஞ்சு எதையும் எறியாமல் எடுத்துவைப்பதும், மரணம் அல்லது மருத்துவமனை அனுமதி என்றால் அன்றே தொலைபேசியில் சொல்வதும் இதனால்தான்.

கால இடைவெளி இங்கும் பேசும். செயலிழக்கச் செய்த கிருமிகளால் ஆன தடுப்பூசி என்றால் காய்ச்சல் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில். தட்டம்மைத் தடுப்பூசியில் உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் இருக்கிறது. அது உடலில் பெருகிய பிறகே காய்ச்சல் வரும் என்பதால் 5 முதல் 12 நாட்கள் ஆகும். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்று மாலையே வந்த காய்ச்சலுக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆனாலும் எழுதுங்கள், தேடுவது படிப்பவரின் வேலை.

எதையெல்லாம் எழுத வேண்டும்

தீவிரமானவை எல்லாவற்றையும். இந்தத் துறையில் "தீவிரம்" என்றால் வலியின் அளவைக் குறிக்காது. மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனை அனுமதி அல்லது அங்கே தங்கும் காலம் நீள்வது, நீடித்த ஊனம், பிறவிக் குறைபாடு, இவற்றுக்கு இணையாக மருத்துவர் கருதும் வேறு நிலை ஆகிய ஆறில் ஒன்று இருந்தால் அது தீவிரம். தாங்க முடியாத தலைவலி கடுமையானது, ஆனால் மாலையில் தானாகத் தீர்ந்தால் இந்தப் பொருளில் தீவிரமானது ஆகாது.

புதிதாகச் சந்தைக்கு வந்த மருந்து என்றால் லேசான தொல்லையையும் எழுதலாம். ஐரோப்பாவில் இத்தகைய மருந்துகளின் தகவல் தாளில் தலைகீழான கருப்பு முக்கோணம் இருக்கும். கூடுதல் கண்காணிப்பில் இருக்கிறது என்று பொருள். பழைய மருந்தில் நன்கு தெரிந்த லேசான தொல்லை என்றால் விட்டுவிடலாம். மருந்து வேலை செய்யவில்லை என்பதும் தெரிவிக்க வேண்டிய செய்திதான்: வழக்கமான அளவு இன்சுலினுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை என்றால் போலி மருந்தாக இருக்கலாம், குளிர்ச்சி கெட்டிருக்கலாம். அளவு தவறிக் கொடுத்தது, ஒரே மாதிரிப் பெயரால் மருந்து மாறிப்போனது, கர்ப்பம் தெரியாமல் சாப்பிட்டது, நிறுத்தும்போது வந்த தொல்லை ஆகியவையும் இதில் சேரும்.

மருந்தோடு துளியும் சம்பந்தமில்லாததாகத் தோன்றுவதை எழுதுவதில்தான் உண்மையான அருமை இருக்கிறது. பிராக்டலால் என்ற இதய மருந்து 1970இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கண்ணீர் வற்றி, கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் படலம் வரை சேதமடைந்தது. இதய மருந்துக்கும் கண்ணுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. மஞ்சள் அட்டைத் திட்டம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரு கண் மருத்துவர் தான் கண்டதை மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் பழைய நிகழ்வுகளைப் பற்றிய அட்டைகள் குவியத் தொடங்கின. அமைப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்தச் சம்பவத்துக்கு முன் யாரும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

அனுப்பிய பிறகு

முதலில் ஒரு பதிவு எண் வரும். நீங்கள் எழுதிய சொற்களைப் பன்னாட்டு மருத்துவ அகராதியின் குறியீடுகளாக மாற்றுவார்கள். மருத்துவரும் நோயாளியும் நிறுவனமும் ஒரே நிகழ்வைத் தனித்தனியே அனுப்பியிருந்தால் அவற்றை ஒன்றாக இணைப்பார்கள். பிறகு தொடர்பை மதிப்பிடுவார்கள். உலக சுகாதார நிறுவனமும் உப்சாலா மையமும் வகுத்த முறையில் உறுதி, மிகச் சாத்தியம், சாத்தியம், சாத்தியக் குறைவு, கூடுதல் தகவல் தேவை, மதிப்பிட இயலாது என்று ஆறு படிகள். 1981இல் வெளியான நரான்ஹோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். 9 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் உறுதி, 5 முதல் 8 வரை மிகச் சாத்தியம். பெரும்பாலான நல்ல அறிக்கைகள்கூட "சாத்தியம்" என்ற படியிலேயே நிற்கும். அதில் மனம் தளர ஒன்றுமில்லை, ஏனென்றால் அடுத்த கட்டத்தில் பார்ப்பது தனி அறிக்கையை அல்ல, கூட்டத்தை.

கூட்டத்தில் தேடுவது விகிதம். ஒரு மருந்தைப் பற்றி 200 அறிக்கைகள் வந்து, அதில் 20 கல்லீரல் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம், 10 சதவீதம். மற்ற எல்லா மருந்துகளுக்கும் சேர்த்து ஒரு லட்சம் அறிக்கைகள், அதில் 2000 கல்லீரல் பாதிப்பு, 2 சதவீதம். பத்தை இரண்டால் வகுத்தால் 5. இந்த மருந்தின் அறிக்கைகளில் கல்லீரல் பாதிப்பு எதிர்பார்ப்பதைவிட ஐந்து மடங்கு தலைகாட்டுகிறது என்று பொருள். இதைச் சமிக்ஞை என்கிறார்கள். சமிக்ஞை வந்ததும் அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பார்கள், வேறு நாடுகளின் தரவோடு ஒப்பிடுவார்கள், மருத்துவமனைப் பதிவுகளில் முறையான ஆய்வு நடக்கும். முடிவு பெரும்பாலும் மருந்தின் தகவல் தாளில் ஒரு வரி எச்சரிக்கை, அளவில் மாற்றம், சிலருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி. அரிதாகத்தான் திரும்பப் பெறுகிறார்கள்.

அந்த 5 என்ற எண் ஆபத்தின் அளவு அல்ல. எத்தனை பேர் மருந்து சாப்பிட்டார்கள் என்பது இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. 12 நாடுகளின் 37 ஆய்வுகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டின் ஒரு மதிப்பாய்வு, தெரிவிக்கப்படாமல் போகும் பக்கவிளைவுகளின் இடைநிலை அளவு 94 சதவீதம் என்று கண்டது. மறுபக்கம், ஒரு மருந்து செய்தியில் அடிபட்டால் அறிக்கைகள் திடீரென்று பெருகும். லட்சக்கணக்கான முதியவர்களுக்குத் தடுப்பூசி போடும் வாரத்தில், அவர்களில் சிலருக்குத் தடுப்பூசி போடாவிட்டாலும் மாரடைப்பு வந்திருக்கும். அவையும் அறிக்கைகளாக வரும், வரவும் வேண்டும். ஆகவே பொதுத் தரவுத்தளத்தைத் திறந்து, "இந்தத் தடுப்பூசியால் இத்தனை மரணம்" என்று எண்ணிக் காட்டுவதும், இரண்டு மருந்துகளின் அறிக்கை எண்ணிக்கையை ஒப்பிட்டு எது பாதுகாப்பானது என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு. சந்தேகத்தின் பட்டியலைக் குற்றப் பட்டியலாக வாசிப்பவர்கள் அடுத்த முறை ஒரு மருத்துவரை எழுதத் தயங்க வைக்கிறார்கள். அந்தத் தீங்கு கண்ணுக்குத் தெரியாது.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சுத் திணறல், முகம் நாக்கு வீக்கம், மயக்கம், வாய்ப்புண்ணோடு பரவும் தோல் திட்டு, கண் மஞ்சளாவது ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவமனை, படிவம் காத்திருக்கும். சந்தேகம் வந்ததும் மருந்தைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு மருந்து, பல மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டு, சில இதய மருந்துகள் இவற்றைத் திடீரென்று விட்டால் பக்கவிளைவைவிடப் பெரிய கேடு வரும். கண்காணிப்பு மையம் சிகிச்சை சொல்லாது. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

படிவம் போனதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. "முடிவு" என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று போட்டு அனுப்பியவர், நோயாளி தேறிய தேதியையோ, பிறகு வந்த கல்லீரல் பரிசோதனை எண்களையோ, தோல் திசுப் பரிசோதனையையோ, மரணம் என்றால் உடற்கூராய்வு முடிவையோ அதே பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்பலாம். எண்ணைக் குறிப்பிடாமல் புதிதாக அனுப்பினால் அது இரண்டாவது நோயாளியாகப் பதிவாகும் அபாயம் உண்டு. காய்ச்சலுக்கு வேறு காரணம் பின்னால் தெரியவந்தால், உதாரணமாக டெங்கு உறுதியானால், அதையும் எழுதி அனுப்புங்கள். அறிக்கையைத் திரும்பப் பெறத் தேவையில்லை. மருந்தின் மேலிருந்த சந்தேகம் குறைந்தது என்பதை அதே கோப்பில் சேர்த்துக்கொள்வார்கள்.